விண்வெளியில் ஒரு புகைக்கரி

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால், கடலில் அமிழும் மாலைச் சூரியன் செந்நிறமாய்த் தோன்றுவதைக் காணாதார் இலர். அவ்வேளையில் அதன் ஒளி காற்றினூடே நெடுந்தூரம் வரவேண்டியிருக்கிறது. நீலக் கதிர்கள் வழியிலேயே சிதறிவிடுகின்றன. தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியும் இவ்வாறே மங்கிச் சிவந்து வருகிறது. அதற்குக் காரணம் விண்வெளியிற் பரந்துள்ள நுண்துகள் என்பதை 1930 ஆம் ஆண்டில் திரம்ப்ளர் என்னும் வானியலறிஞர் நிறுவினார். அத்துகள் எதனால் ஆனது? பனிக்கட்டியே என்பது பின்னர் பலரும் கொண்ட கருத்து.

இக்கருத்தை மறுத்தெழுந்தவர்களுள் ஒருவர் கொழும்பில் பிறந்தவர். 1939 இல் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1960 இல் கேம்பிரிட்ஜ் சென்று பிரெட் ஹொயிலுக்கு மாணாக்கரானார். அத்துகள் காரீயமே என்று 1962 இல் ஆசிரியரும் மாணாக்கரும் எழுதினர். காரீயம் என்பது பென்சிலுக்குள் இருக்கும் காபன். திரியை மிகவும் உயர்த்திய மண்ணெண்ணெய் விளக்கு புகைக்கரி கக்குவதுபோல, காபன் மிகுந்த முதிய விண்மீன்கள் கரித்துகளை வெளியே வீசுகின்றன என்பது அவர்கள் கொள்கை. போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழ்ந்து, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் கப்பலேற்றிய அதே காரீயம்! இலங்கையர் செவிக்கு இது இனிய பொருத்தந்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

சான்று நிறமாலையில் இருந்தது. ஊதாக்கடந்த ஒளியைக் காற்று மறைத்துவிடுவதால், 1965 இல் ஸ்டெக்கர் என்னும் அமெரிக்கர் ரொக்கெட்டில் கருவியை ஏற்றி நோக்கினார். ஏறத்தாழ 2175 அங்ஸ்திரோம் அலைநீளத்தில் விண்மீன் ஒளி பெரிதும் உறிஞ்சப்பட்டிருந்தது. காரீயத் துகள் ஒளியை உறிஞ்சுவதும் அப்பகுதியிலேயே. அது தூய காரீயமா, அதனையொத்த வேறு காபன் மூலக்கூறுகளா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. விண்வெளியில் உயிரே பரவியுள்ளது என்று விக்கிரமசிங்க பின்னாளிற் கூறியவற்றைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அதனால் 1962 ஆம் ஆண்டுக் கட்டுரையின் மதிப்புக் குறைந்துவிடாது.

2023 இல் அக்கரியின் தடம் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலைகளை ஆராய்ந்த விற்ஸ்ரொக் குழுவினர் (குழுவின் தலைவரும் அப்போது கேம்பிரிட்ஜினரே), புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்த ஒரு தொலைமண்டலத்தை நோக்கினர். பிரபஞ்சம் தோன்றி நூறு கோடி ஆண்டுகள் நிறையுமுன் அதிலிருந்து புறப்பட்ட ஒளி அது. பிரபஞ்சம் விரிந்ததால் அதன் அலைகள் ஏழரை மடங்குக்கு மேல் நீண்டு, ஊதாக்கடந்த ஒளி அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. இந்த நீட்சியை மண்டலத்து வாயுக்களின் ஒளிர்கோடுகள் காட்டின. துகளை ஒளியில் விழுந்த பள்ளம் காட்டியது. நீட்சியைக் கழித்துப் பார்த்தால் பள்ளம் 2263 அங்ஸ்திரோமில் நின்றது. இச்சிறு விலகலுக்குக் காரீயமோ வைரமோ போன்ற நுண்மணிகள் காரணமாகலாம் என்பர்.

இங்கேதான் சிக்கல். முதிய விண்மீன்கள் கரி கக்குவதற்குப் பொதுவாக நெடுங்காலம் வேண்டும்; அம்மண்டலத்துக்கோ அத்தனை காலம் கிடைத்திருக்கவில்லை. ஆகவே, விரைவில் எரிந்து தீரும் பேருருவ விண்மீன்களையும் அவை வெடித்துச் சிதறும் நிகழ்ச்சிகளையும் ஆய்வாளர் இப்போது ஐயுறுகின்றனர்.