மொழி பயின்று கடல் தாண்டியோர்: பாஹியான் முதல் இத்சிங் வரை (கி.பி. 399–695)

முன்னுரை

சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பௌத்தத் துறவிகளின் பயணக்குறிப்புகளை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சான்றுக் களஞ்சியமாகவே கையாண்டு வந்துள்ளன. ஹர்ஷரின் அவையைப் பற்றியும் நாளந்தாவைப் பற்றியும் அறிய அவற்றைப் புரட்டுகிறோம். எழுதியவர்கள் அயல்மண்ணில் எப்படி வாழ்ந்தார்கள், அதற்கு வேண்டிய மொழியை எங்கே கற்றார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பாஹியான், யுவான் சுவாங், இத்சிங் ஆகிய மூவரையும் இக்கேள்வியை முன்வைத்து வரிசையாகப் படித்தால் ஒரு வளர்ச்சி புலப்படும். ஏடு தேடிப் போன இடத்தில் மொழி கற்க நேர்ந்தது முதல் நிலை. மொழியை வாதத்துக்குரிய அளவு ஆண்டது இரண்டாம் நிலை. மொழிப் பயிற்சியையே பயணத்தின் முதற்படியாக வகுத்தது மூன்றாம் நிலை. இவ்வளர்ச்சியையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஏட்டுக்காக மொழி

கி.பி. 399இல் சாங்கானிலிருந்து புறப்பட்டபோது பாஹியான் அறுபது வயதை ஒட்டியவர். துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்கள் சீன விகாரைகளில் அரைகுறையாகவே இருந்தன. அந்தக் குறையைத் தீர்ப்பதே அவர் நோக்கம். ஆனால் வட இந்தியாவில் விநயம் ஆசிரியர் வாயிலாக மாணவர் செவிக்கு வந்துகொண்டிருந்தது, படியெடுக்க ஏடில்லை. பாடலிபுத்திரத்தில்தான் ஏடு கிடைத்தது. அங்கே 3 ஆண்டுகள் தங்கிச் சமஸ்கிருதம் கற்று, விநயத்தைப் படியெடுத்தார். உடன் வந்த தாவோசெங் என்ற துறவி, அங்குள்ளோரின் ஒழுக்கத்தில் மனம் தோய்ந்து, ஊர் திரும்புவதில்லை என்று தங்கிவிட்டார்.

பின்னர் பாஹியான் வங்கத் துறைமுகமான தாம்ரலிப்தியில் 2 ஆண்டுகளும் இலங்கையில் 2 ஆண்டுகளும் கழித்தார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையருகே, வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டதும் கண்ணீர் பெருகியதாக அவரே எழுதியிருக்கிறார். மொழி கைவந்து பல்லாண்டு ஆன பிறகும் அவர் அங்கே அந்நியராகவே இருந்தார். கற்றதெல்லாம் கொண்டுபோவதற்காக. ஒரே பயணத்தின் இரு முடிவுகளாகத் தாவோசெங்கும் பாஹியானும் நிற்கிறார்கள்.

2. வாதத்துக்காக மொழி

629 வாக்கில் புறப்பட்ட யுவான் சுவாங் நாளந்தாவில் சீலபத்திரரின் மாணவரானார். யோகாசாரம் என்ற பௌத்தத் தத்துவப் பிரிவின் நூல்களோடு சமஸ்கிருத இலக்கணத்தையும் பயின்றார். சீடர் ஹுய்லி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில், வேற்றுமை உருபுகளையும் வினைத் திரிபுகளையும் சீன வாசகருக்கு விளக்கும் பகுதியே இடம்பெற்றுள்ளது. கன்னோசியில் ஹர்ஷர் கூட்டிய பேரவையில் அவர் முதன்மை வாதியாக அமர்ந்தார். 657 நூல்களுடன் 645இல் சாங்கான் திரும்பிய பின்னும் இந்தியத் துறவியரோடு கடிதத் தொடர்பு நீடித்தது. சிந்து நதியைக் கடக்கையில் ஆற்றோடு போன ஏடுகளின் பட்டியலை அனுப்பி, மறுபடி எழுதித் தரும்படி கேட்ட கடிதம் அவற்றுள் ஒன்று.

3. மொழியே முதற்படி

671இல் குவாங்சௌவில் பாரசீகக் கப்பலேறிய இத்சிங் நேரே இந்தியா வரவில்லை. சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். பிறகு மலாயு, கெடா (நம் கடாரம்), நிக்கோபார் வழியாக 673இல் தாம்ரலிப்தி சேர்ந்தார். அங்கும் ஓராண்டு மொழிப் பயிற்சி. அதன் பின்னரே நாளந்தாவில் 10 ஆண்டு வாசம்.

தம் அனுபவத்தை அவர் விதியாகவே ஆக்கினார். ஸ்ரீவிஜயத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் இருப்பதாகவும், மேற்கே செல்ல விரும்பும் சீனத் துறவி அங்கே ஓரிரு ஆண்டு பயின்றுவிட்டுப் போவதே முறை என்றும் எழுதினார். இந்தியச் சிறுவர்கள் 6 வயதில் எழுத்துப் பாடம் தொடங்குவதையும், 8 வயதில் பாணினி சூத்திரத்தை எட்டு மாதத்தில் மனப்பாடம் செய்வதையும் பாடத்திட்டம்போல் அடுக்கினார். இலக்கணத்தில் தேறாமல் வருபவரின் உழைப்பெல்லாம் வீண் என்பது அவருடைய கண்டிப்பு.

மொழியோடு நடைமுறையும் வேண்டும் என்பது இத்சிங் சேர்த்த புதுக்கூறு. ஸ்ரீவிஜயத்திலிருந்து சீனாவுக்கு அனுப்பிய நாற்பது அத்தியாய நூலில் பல்குச்சிக்கே ஓர் அத்தியாயம் உண்டு. பன்னிரண்டு விரற்கடை நீளம், எட்டுக்குக் குறையக் கூடாது, சுண்டுவிரல் பருமன். ஒரு நுனியை மென்று பல் துலக்கி, பிளந்து நாக்கை வழித்து, கழுவிய பிறகே எறிய வேண்டும். உண்ணும்போது தனித்தனிச் சிறு மணைகளில் கால் தரையில் ஊன்ற அமர்வதும், ஒரு வாய் உண்டதுமே மீதி எச்சிலாகிவிடுவதும், கைவாய் கழுவாமல் பிறரைத் தொடக்கூடாது என்பதும் விரிவாக வருகின்றன. சீன விகாரைகளில் இவை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கின்றன என்பதே அவர் வாதம். ஏடு மட்டும் கொண்டு இவற்றைத் திருத்த முடியாது. உடனிருந்து பார்த்தவரே சொல்ல முடியும்.

4. மதிலுக்கு வெளியே

மூவரும் மூழ்கியது விகாரையின் சமஸ்கிருத உலகில். அதற்கு வெளியே பேசப்பட்ட மொழிகள் அவர்கள் குறிப்பில் மங்கலாகவே தெரிகின்றன. யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதுகையில், அந்நாட்டு மொழியும் எழுத்தும் நடு இந்தியாவினின்று சிறிதே வேறுபடுவதாகக் கூறுகிறார். அப்பரும் சம்பந்தரும் பாடிய நூற்றாண்டு அது. பஞ்சத்தால் காஞ்சிக்கு வந்திருந்த இலங்கைத் துறவியரிடம் அவர் யோகாசாரத்தில் ஐயம் கேட்டார். சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சும் விடை கிடைக்கவில்லை என்று முடிவு செய்தார். தமிழ் நகரொன்றில் நடந்த அந்த உரையாடலுக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

இத்சிங் தொகுத்த துறவியர் வரலாற்றில் வேறு வகையினரும் உண்டு. இன்றைய வட வியட்நாமைச் சேர்ந்த யுன்சி, தென்கடல் நாடுகளில் பத்தாண்டுக்கு மேல் திரிந்து உள்ளூர்க் குன்லுன் மொழியில் வல்லவரானார். சமஸ்கிருதமும் ஓரளவு அறிந்தவர். பின்னர் துறவைக் களைந்து ஸ்ரீவிஜயத்திலேயே குடியமர்ந்தார். அவருக்கு இத்சிங் ஒதுக்கிய இடம் சில வரிகள்.

முடிவுரை

முந்நூறு ஆண்டுகளில் பயணம் ஏடு திரட்டுவதிலிருந்து வாழ்ந்து கற்பதற்கு மாறியது. மொழி முன், வாழ்க்கை பின், பதிவு அதன்பின் என்ற ஒழுங்கும் உருவானது. ஆனால் இத்சிங்குக்கு வழி திறந்ததும் அவர் பார்வைக்கு எல்லை கட்டியதும் ஒன்றே. ஸ்ரீவிஜயத்திலிருந்து நாளந்தா வரை ஒரே மொழி செல்லுபடியானதால்தான் அவர் எங்கும் தங்க முடிந்தது. அதே காரணத்தால் வழியிலுள்ள எந்த ஊர்ப் பேச்சையும் கற்கும் நிர்ப்பந்தம் அவருக்கு ஏற்படவில்லை. முழுதாக மூழ்கியவர்கள் தாவோசெங்கும் யுன்சியும். அவர்கள் ஊர் திரும்பித் தங்கவில்லை, எழுதவுமில்லை. ஆகவே நம் கையிலுள்ள சான்றுகள் அனைத்தும் திரும்பிவரும் எண்ணத்தை விடாதவர்களின் சான்றுகள் என்பதை மனத்தில் கொண்டே இக்குறிப்புகளைப் படிக்க வேண்டும்.