‘டிக்’ சத்தம் மட்டும் கேட்கிறதா? மோட்டார் சைக்கிளின் மின் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம்

மொனராகலையின் தோட்டப் பாதைகள் பலவற்றில் இருட்டிய பிறகு பஸ் கிடைப்பது அரிது. விடிகாலையில் இறப்பர் பால் வெட்டப் போவதற்கும், காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளைத்தான் நம்பவேண்டும். புத்தல, கதிர்காமம் பக்கம் போகிறவர்களுக்கு யானைப் பயமும் உண்டு. அங்கே நிறுத்திய வண்டி மீண்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது உயிர் ஆபத்து.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இந்தத் திருத்த வேலை புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் கிடைக்காதபோது, கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, கிக்கரை உதைத்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை அது. ஆனால் இன்றைய வண்டிகள் பலவற்றுக்குக் கிக்கரே இல்லை. பட்டன் வேலை செய்யாவிட்டால் வண்டி நின்றுவிடும்.

அப்படி நின்றதும் பலர் செய்யும் முதல் வேலை புதுப் பற்றரி வாங்குவது. பல நேரங்களில் அது வீண் செலவு. பணத்தை எடுக்கும் முன் வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று கேளுங்கள்.

முதல் ஒரு நிமிடம்

கைப்பிடியிலுள்ள சிவப்பு நிற கில் சுவிட்ச் நிறுத்தும் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? சைட் ஸ்டாண்ட் மடக்கப்பட்டிருக்கிறதா? கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு மீண்டும் பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகளில் இவற்றில் ஒன்று பிழைத்தாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது.

சத்தம் சொல்வது

‘டிக் டிக் டிக்’ என வேகமாக அடித்தால் பற்றரி பலவீனம், அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கின்றன.

ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றால் ரிலே வரை மின்சாரம் வருகிறது. பற்றரி நன்றாக இருந்தால் ரிலே, தடித்த வயர், ஸ்டார்ட்டர் மோட்டாரின் பிரஷ் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

சத்தமே இல்லை, சாவி போட்டும் மீட்டர் விளக்குகள் எரியவில்லை என்றால் பிரதான பியூஸையும் பற்றரி முனைகளையும் பாருங்கள். விளக்குகள் எரிந்தும் சத்தம் இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டன், கிளட்ச் சுவிட்ச், ரிலே என்ற வரிசையில் தேடுங்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டரில் பிழை இல்லை. பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள்.

பற்றரியா, சார்ஜிங்கா?

சில மணிநேரம் ஓடாமல் நின்ற வண்டியில், முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி மல்டிமீட்டரில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட் என்றால் அது ஏறக்குறையக் காலி. பட்டனை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் புதியது தேவை.

வண்டி ஓடத் தொடங்கியதும் இன்னொரு முறை அளக்கவேண்டும். எக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கும்போது 13.5 முதல் 14.8 வோல்ட் வரை வரவேண்டும். 13க்குக் கீழே நின்றால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பற்றரியைக் கொதிக்க வைக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் சீக்கிரம் செத்துவிடும்.

முனைகளும் ஏர்த்தும்

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது முதலில் பொசிட்டிவ். அப்பச்சோடா கலந்த சுடுநீரால் கழுவி, பிரஷால் தேய்த்து, காயவைத்து, பூட்டிய பின் மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். அருகில் சிகரெட்டோ நெருப்போ வேண்டாம்.

நெகட்டிவ் வயர் எஞ்சினிலோ சட்டத்திலோ பூட்டப்பட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். மழைக்காலச் சேறு படிந்து அங்கே துருப்பிடிக்கும். சுரண்டி இறுக்கினாலே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு.

பியூஸ்

எரிந்த பியூஸுக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ வைத்தால் அடுத்து எரிவது வயர்கள். புதுப் பியூஸும் எரிந்தால் எங்கோ வயர் தொட்டுக்கொண்டிருக்கிறது. கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியையும், எலி கடிக்கும் சீட்டுக்கு அடிப்பகுதியையும் முதலில் தேடுங்கள்.

தீப்பொறி

கழற்றிய பிளக்கை அதன் மூடிக்குள் பொருத்தி, உலோகப் பகுதியை எஞ்சினில் தொடவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வெறுங்கையால் பிடிக்கவேண்டாம். பிளக் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி வரும் என்பதால் அதற்கு அருகிலும் வைக்கவேண்டாம். நீலமாகப் பளிச்சிட்டால் தீப்பொறி நல்லது. வராவிட்டால் மூடியைத் துடைத்துக் காயவைத்து, வேறு பிளக் போட்டுப் பாருங்கள். அதன் பிறகே இக்னிஷன் கொயில், பல்சர் கொயில், கடைசியாகச் சி.டி.ஐ. இவற்றை வாங்கும் முன், அதே ரக வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டிச் சோதிப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கார்புரேட்டர் வண்டியென்றால் சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரை இப்படி ஸ்டார்ட் செய்ய முடியாது. பெற்றோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் தேவைப்படும் இன்ஜெக்‌ஷன் வண்டியும் பற்றரி முற்றாகச் செத்திருந்தால் பிடிக்காது. ரிலேயின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைக்கும் குறுக்கு வழியைத் தவிருங்கள். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும்.

சீட்டுக்கு அடியில் இரண்டு பியூஸ், ஒரு பிளக், பிளக் ஸ்பானர், இரண்டு வயர் பூட்டிய ஒரு 12 வோல்ட் சிக்னல் பல்ப் வைத்திருங்கள். மல்டிமீட்டர் இல்லாத இடத்தில், மின்சாரம் எதுவரை வருகிறது என்பதை அந்தப் பல்ப் காட்டும். கராஜுக்குப் போனால் “ஸ்டார்ட் ஆகவில்லை” என்று மட்டும் சொல்லாமல், கேட்ட சத்தத்தையும் சொல்லுங்கள்.

நோயாளியை ஏற்றவேண்டிய இரவில் வண்டி நின்றால் திருத்திக்கொண்டு நிற்காதீர்கள். இலவச அம்புலன்ஸ் சேவையான 1990க்கு உடனே அழையுங்கள். வண்டியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.