கைவிட்டவர் யார்?

இலங்கையின் 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில், பத்து ஆண்டுகள் போடுதலோ எடுத்தலோ இல்லாமல் கிடக்கும் வைப்புக்கு ஒரு பெயர் உண்டு: கைவிடப்பட்ட ஆதனம். அந்தக் காசு வங்கியிலிருந்து மத்திய வங்கிக்குப் போய்விடும். 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலேறியவர்கள், 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள். இவர்கள் எதையும் கைவிடவில்லை, துரத்தப்பட்டார்கள். சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியின் உணவகக் குசினிகளில் நிற்கிற எங்களில் சிலரிடம் இன்னும் ஊர் வங்கிப் புத்தகங்கள் இருக்கின்றன. "அதில என்ன கிடக்கப் போகுது?" என்று சிரிக்கிறோம். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு நியாயந்தான். 1983இல் ஓர் அமெரிக்க டொலர் 24 ரூபா அளவில் இருந்தது. 2022 நடுப்பகுதியில் 360 ரூபா. வட்டியை விட்டுப் பார்த்தால், அன்று நானூறு டொலருக்கு மேல் பெறுமதியான பத்தாயிரம் ரூபா முப்பது டொலருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் காசின் அளவு வேறு, உரிமை வேறு.

இதை உலகத்துக்கு உறைக்க வைத்தது சுவிஸ் வங்கிகளின் கதை. நாசிகளுக்குப் பயந்து அங்கே காசு போட்ட யூதர்களின் பிள்ளைகள் போருக்குப் பிறகு போய்க் கேட்டபோது, இறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டது. வதைமுகாம்களில் யார் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்? ஐம்பது வருடம் இழுபட்டது. 1997 ஜூலையில்தான் வங்கிகள் பெயர்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டன. 1998 ஓகஸ்டில் 125 கோடி டொலருக்கு இணக்கம் வந்தது. போல் வோல்க்கர் தலைமையிலான குழு 1999இல் அறிக்கை தந்தபோது, நாசிகளால் பாதிக்கப்பட்டோருடன் தொடர்புபட்டிருக்கக்கூடிய 53,886 கணக்குகளைக் கண்டிருந்தது.

அதே சான்றிதழ் எங்கள் தாய்மார் முன்னும் வைக்கப்பட்டது. காணாமற் போனவர்களுக்கு இறப்புப் பதிவு செய்ய 2010இல் இலங்கையில் தற்காலிகச் சட்டம் வந்தது. மகனின் காசையோ காணியையோ கையாள வேண்டுமென்றால் அவன் செத்துவிட்டான் என்று கையெழுத்திட வேண்டும். பலர் மறுத்தார்கள். ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் இடங்கொடுத்தது.

இன்னொரு வகைப் புத்தகமும் உண்டு. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் காசு போட்ட, நகை அடகு வைத்த சனங்களுக்கு 2009 மேக்குப் பிறகு போய்க் கேட்க ஒரு கதவும் இருக்கவில்லை. போரின்போது மீட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மேயில்தான். பதினாறு வருடம். அடகுச் சீட்டைத் தொலைத்தவர் எதைக் காட்டித் தன் தாலிக்கொடியை அடையாளம் சொல்வார்?

கனடாவிலும் பத்து வருடம் அசையாத வங்கிக் காசு கனடா மத்திய வங்கிக்குப் போகிறது. ஆனால் அதற்கு முன் இரண்டாம், ஐந்தாம், ஒன்பதாம் ஆண்டுகளில் வங்கி அறிவித்தல் அனுப்ப வேண்டும். ஆயிரம் டொலருக்குக் குறைந்தால் முப்பது வருடம், அதற்கு மேல் நூறு வருடம் வைத்திருப்பார்கள். பெயரைத் தேடிப் பார்க்கக் கட்டணமில்லை. தரகர் எவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. அடுக்குமாடிக்கு அடுக்குமாடி மாறித் திரிந்த எங்கள் ஆட்களுக்கு வந்த அறிவித்தல்கள் எத்தனை பழைய முகவரிகளில் தேங்கினவோ! பெயரை ஒருக்கால் தேடிப் பாருங்கள், எழுத்துக் கூட்டலை மாற்றி மாற்றியும் பாருங்கள்.

இலங்கைக் கணக்கென்றால் காசு போட்ட வங்கியிடமே கேட்க வேண்டும். வருகிற தொகை விமானச் சீட்டுக்கும் காணாமல் இருக்கலாம். ஆனால் கேட்கிற ஒவ்வொரு விண்ணப்பமும் இது கைவிடப்பட்ட ஆதனமல்ல என்று அவர்களுடைய பதிவேட்டிலேயே எழுதி வைக்கிறது. பழைய புத்தகங்களை எறிந்துவிடாதீர்கள்.