வழு

‘வழுவுதல்’ என்றால் தவறுதல், நழுவுதல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை நன்னூல் சொல்கிறது. கணினித் தமிழில் மென்பொருள் பிழையான ‘பக்’ என்பதற்கும் இதுவே பெயர்; அருமையான தேர்வு.

ஓர் எடுத்துக்காட்டு: சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைப் பட்டியல் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியின் செந்தர நூலகத்திலுள்ள, எழுத்துத்தொடர்களைத் தேடும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ கருவியிடம் கொடுத்து, சொல் சொல்லாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘காஞ்சி’ என்பது ‘க’, ‘ஞ’, ‘ச’ என்று மூன்று துண்டாக வரும். துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் அது சொல்லின் உறுப்பாகவே எண்ணுவதில்லை. 2011-லேயே இந்த வழு முறையிடப்பட்டிருக்கிறது. இத்தகைய வழுவை முறையிடுபவர் மென்பொருளின் பதிப்பெண், நாலு வரி நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகியவற்றை எழுத வேண்டும். தமிழ் எடுத்துக்காட்டை நாம்தான் தர முடியும்.

இலக்கணத்தில், காரணம் காட்டி ஏற்கப்படும் பிழை ‘வழுவமைதி’. பழைய நிரல்கள் உடையுமே என்று திருத்தாமல் விடப்படும் வழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.