தடுப்பூசித் தோள் காயம்: அமெரிக்க இழப்பீட்டு முறை

மேற்கைத் தசையில் போடவேண்டிய தடுப்பூசி மிக உயரத்தில் இறங்கினால், மருந்து தோள் மூட்டை ஒட்டிய நீர்ப்பையிலோ தசைநாணிலோ பாய்ந்து அழற்சியை உண்டாக்கும். ‘சிர்வா’ எனப்படும் இக்காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல, ஊசி குத்திய இடம். சட்டையைக் கழற்றாமல் கழுத்துப்பட்டியை மட்டும் விலக்கிக் குத்தும்போது இது எளிதில் நேர்கிறது. தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போவதுண்டு.

அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு கோருபவர் ஊசி போட்டவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டத்தில், சுகாதாரத் துறைச் செயலரை எதிர்மனுதாரராக்கி, கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். சிறப்பு நடுவர் விசாரிப்பார். தடுப்பூசிகள் மீதான வரியிலிருந்து பணம் வருகிறது.

2017இல் சிர்வா இத்திட்டத்தின் காயப் பட்டியலில் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும்; அதே தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. வழக்கு பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: வலி தானே போய்விடும் என்று மருத்துவரிடம் செல்லத் தாமதித்தவரிடம், அது தொடங்கிய நாளைக் காட்டும் ஏடு இருக்காது. பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்; முதல் அறிகுறியிலிருந்து மூன்றாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வலி, வேதனைக்கான உச்சவரம்பு 2,50,000 டாலர். நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் தொடுத்த வழக்கு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணம் கிடைக்கக்கூடும்.