உப்பு ஏத்துறதுக்கு ஏன் இவ்ளோ நிதானம்?

சில வருஷம் முன்னாடி எங்க பெரியப்பாவுக்கு அஞ்சு நாளா வயித்துப்போக்கு. பிரஷர்காரராச்சேன்னு உப்பில்லாத கஞ்சியும் வெறும் தண்ணியுமா கொடுத்தோம். ஆறாம் நாள் பேச்சு குழறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, ரத்தத்துல சோடியம் 112. (135 முதல் 145 வரை இருக்கணும்.)

டாக்டர் சலைன் பாட்டிலை மாட்டிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்தார், மூத்திரத்தை அளந்தார். "கம்மியா இருந்தா சட்டுனு ஏத்த வேண்டியதுதானே சார்?"னு சண்டையே போட்டேன். "சட்டுனு ஏத்தினா மூளை தாங்காது தம்பி"ன்னார். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்குன்னு அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சது.

பிரிட்டனில் காலரா பரவியிருந்த நேரம். ஓஷானெஸ்ஸி என்ற இளம் டாக்டர் (பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டாரே, அதே ஆள்தான்!) காலராக்காரர்களின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் படித்த தாமஸ் லாட்டா, 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில், உப்புத் தண்ணீரை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார். சாகக் கிடந்த சிலர் பிழைத்தார்கள். ட்ரிப்ஸ் பிறந்த கதை இது. காலராவுக்கு வேகம்தான் உயிர். அங்கே அது சரி.

ஆனால் சோடியம் நாள்கணக்கில் மெதுவாக இறங்கும்போது கதை வேறு. மூளை செல்கள் வீங்காமல் இருக்க, தங்களிடம் உள்ள உப்புகளையும் வேறு சில பொருள்களையும் வெளியே தள்ளிவிட்டுக் குறைவுக்குப் பழகிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் சோடியம் சட்டென்று ஏறினால் செல்லிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு, நரம்பு இழைகளின் மேலுறை சிதைகிறது.

1959இல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆடம்ஸும் சகாக்களும் இந்தச் சிதைவை முதலில் விவரித்தார்கள். குடிநோயாளிகளிடமும் சத்துக்குறைவு உள்ளவர்களிடமும் பார்த்தார்கள். கை, கால் விழுந்து, பேசவோ விழுங்கவோ முடியாமல் போய்விடும். காரணம்தான் பிடிபடவில்லை. 1981இல் விலங்குகளில் செய்த சோதனைகள், வேகமாகச் சரிசெய்வதுதான் வினை என்று காட்டின. 1986இல் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸும் சகாக்களும், சோடியம் ஒரே நாளில் 12 மில்லிமோலுக்கு மேல் ஏறிய பிறகு மோசமான 8 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள். வலிப்பு, மயக்கம் என்று வந்தால் மட்டும் முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 வரை வேகமாக ஏற்றிவிட்டு அப்புறம் நிறுத்திப் பிடிக்கணும். சும்மா விட்டால் மூளை வீங்கியே ஆள் போய்விடுவார்.

சரி, மூத்திரத்தை ஏன் அளந்தார்? நீர் வற்றிய உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரந்து தண்ணீரை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும். சலைன் போய் உடம்பு நிரம்பியதும் அந்த ஹார்மோன் நின்னுடும். தண்ணீரா மூத்திரம் கொட்டும், சோடியம் தானாவே எகிறும்!

ரெண்டாம் நாள் ராத்திரி பெரியப்பாவுக்கு அப்படித்தான் கொட்டுச்சு. நாங்க "அப்பாடா"ன்னோம். டாக்டர் பதறிட்டு சலைனை நிறுத்தினார். டெஸ்மோபிரசின்னு ஊசி போட்டு, நரம்பு வழியா கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸ் தண்ணி கொடுத்தார்.

அஞ்சாம் நாள் பெரியப்பா தெளிவா பேசினார்: "டேய், கஞ்சில இனிமேலாவது உப்பு போடுங்கடா."

அந்த டாக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.