நாற்பது நாளின் கணக்கு

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பேறுகால வேதனையை மறைக்காமல் சொல்கிறது. பேரீச்சை மரத்தடியில் தனித்திருந்த அவர், இதற்கு முன்பே இறந்து அடியோடு மறக்கப்பட்டிருக்கலாகாதா என்று ஏங்குகிறார். அந்த ஏக்கம் கண்டிக்கப்படவில்லை. பொறுமை பற்றிய அறிவுரையும் அங்கே இல்லை. கவலை வேண்டாம் என்ற குரலோடு வருபவை நீரோடை, கனிந்த பேரீச்சம்பழம், எவருக்கும் விளக்கம் சொல்லாதிருக்கும் மௌன நோன்பு. பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று இன்றைய மருத்துவம் சொல்வதை இதன்மேல் அப்படியே ஏற்றுவது வரலாற்றுப் பிழை. ஆயினும் தாயின் துயரம் இங்கே ஈமானின் குறைவாக எண்ணப்படவில்லை என்பது தெளிவு.

ஃபிக்ஹு நூல்களின் அக்கறை வேறு. அவை பேசியது உடலைப் பற்றி. நிஃபாஸ் எனப்படும் பேறுகால உதிரப்போக்கின் உச்ச வரம்பு ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் 40 நாள். ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் 60. அந்நாள்களில் தொழுகை இல்லை. விடுபட்டதைப் பின்னர் நிறைவேற்றவும் வேண்டியதில்லை. நோன்பை மட்டும் பிறகு நோற்க வேண்டும். உதிரம் 15ஆம் நாளே நின்றுவிட்டால் சலுகையும் அன்றே முடிகிறது.

வட இந்திய முஸ்லிம் குடும்பங்களின் ‘சில்லா’ வழக்கமோ உதிரக் கணக்கைப் பாராமல் முழு 40 நாளும் தாயை வேலையிலிருந்து விலக்கி வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி பெண்களுக்காக எழுதிய ‘பிஹிஷ்தி ஸேவர்’, உதிரம் நின்ற பின்னும் 40 நாள் நிறைவதற்காகத் தொழாமல் காத்திருப்பது பிழை என்று திருத்தியது. சட்டப்படி அது சரியே. ஆனால் குளித்துத் தொழத் தொடங்கியவள் அடுப்படிக்கும் திரும்பலாம் என்று வீடு எண்ணிக்கொண்டால், தவறான காரணம் சொல்லிக் காக்கப்பட்டுவந்த ஓய்வும் அத்தோடு போய்விடும். சில்லாவின் தனிமையும் தீட்டும் சில தாய்மார்க்குச் சிறையாக இருந்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஓய்வுக்குத் தீட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமலில்லை. மணவிலக்குச் சட்டங்களின் நடுவே வரும் 2:233ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்துபேசியே முடிவுசெய்யச் சொல்கிறது. அந்த வசனம் குறிக்கும் பாலூட்டும் காலம் 40 நாள் அன்று, நிறைவு செய்ய விரும்புவோர்க்கு முழு இரண்டு ஆண்டுகள்.